ஷம்போருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்: கோடைச் சுற்றுலா ஒழுங்குசெய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சில் விடுமுறைச் சுற்றுலா நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பள்ளி நிர்வாகிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஜூலை பிறந்துவிட்டால், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியின் கடைக் கண்ணாடிகளில் சுற்றுலா அறிவித்தல்கள் ஒட்டப்படும். அவற்றில் ஆண்டு தவறாமல் வரும் ஒன்று, "லுவார் ஆற்றங்கரை அரண்மனைகள், ஒரே நாளில் மூன்று." ஷம்போர், ஷெனொன்சோ, அம்புவாஸ். அந்த மூன்றில் இரண்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். மீதி ஒன்றாக ஷம்போர் இருக்கட்டும். அதற்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிஸிலிருந்து ஷம்போர் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அங்கிருந்து ஷெனொன்சோ 60, பிறகு அம்புவாஸ் 15, அம்புவாஸிலிருந்து வீடு திரும்ப 220. எல்லாம் சேர்த்து 470 கிலோமீட்டருக்குக் குறையாது. நெடுஞ்சாலையில் பேருந்துக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்சம், கிராமச் சாலையில் அதிலும் குறைவு. ஆகவே ஓட்டம் மட்டும் ஏழு மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் சட்டப்படி 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். ஐம்பது பேர் இறங்கி, கழிவறைக்குப் போய், நுழைவாயிலில் வரிசையில் நின்று, திரும்பி வந்து தலையெண்ணி ஏற ஒவ்வோர் இடத்திலும் 50 நிமிடம் கரைகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி, வழியில் இரண்டு நிறுத்தம். காலை ஆறரைக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்கு வீடு சேர்ந்தால், ஓர் அரண்மனைக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஷம்போரின் படிக்கட்டில் ஏறி இறங்கலாம். அதைத் தவிர எதுவும் முடியாது. ஓட்டுநரின் அன்றாட ஓய்வும் சட்டத்தில் இருப்பதால், இவ்வளவு நீண்ட நாளுக்குப் பேருந்து நிறுவனம் இரண்டாவது ஓட்டுநரைக் கேட்கும். அந்தச் செலவும் பயணிகளின் தலையில்தான் விழும்.

சரி, ஏன் ஷம்போர்? பிள்ளைகள் ஓடியாட இடம் உண்டு, பெரியவர்கள் உட்கார நிழல் உண்டு. அதைவிட முக்கியமான காரணம், ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களே, அது என்ன என்பதை ஒரே கட்டடத்துக்குள் கண்ணால் பார்க்கவும் காலால் நடந்து அறியவும் இந்த அளவுக்கு வசதியான இடம் பிரான்சில் வேறில்லை.

அறிவித்தலில் எழுதும் சொல்லிலிருந்தே கவனம் வேண்டும். "கோட்டை" என்று எழுதினால் நம்மவர் பீரங்கியையும் பாதுகாப்பு மதிலையும் தேடுவார்கள். ஷம்போர் யாரையும் எதிர்த்து நிற்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. நான்கு மூலையிலும் உருண்டைக் கோபுரம், நடுவே பெரிய சதுரக் கட்டடம் என்ற அமைப்பைப் பழைய போர்க்கோட்டையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் சுவரெல்லாம் அகன்ற சன்னல்கள். 1515இல் பட்டத்துக்கு வந்து, அதே ஆண்டு இத்தாலியில் மரிஞ்ஞானோ போரில் வென்ற இளம் மன்னன் முதலாம் பிரான்சுவா, வேட்டைக்கு வரும்போது தங்கவும் தன் பெருமையை உலகுக்குக் காட்டவும் 1519 செப்டெம்பரில் கட்டத் தொடங்கச் சொன்னான். "வேட்டை அரண்மனை" என்று எழுதுங்கள், பொருந்தும்.

அடுத்த ஏமாற்றம் அறைகளைப் பார்த்ததும் வரும். வெர்சாய்யைப் பார்த்தவர்கள் தங்கமும் கண்ணாடியும் எதிர்பார்த்து வருவார்கள். இங்கே பல அறைகள் வெறுமையாகக் கிடக்கும். "ஒண்டுமே இல்லையே" என்று முணுமுணுப்பு எழும். காரணத்தைப் பேருந்திலேயே சொல்லிவிட்டால் அந்த வெறுமையே சுவையாகிவிடும். அந்தக் காலத்து அரசவை ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தது. கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாம் பெட்டிகளில் ஏற்றப்பட்டு மன்னனோடு வந்து, மன்னனோடு போய்விடும். மன்னன் இல்லாத நாளில் அரண்மனை வெறும் கல்தான். பிரான்சுவா 32 ஆண்டு ஆண்டான். அதில் ஷம்போரில் தங்கியது மொத்தம் எழுபது சொச்சம் நாள். பிற்காலத்தில் சேர்ந்த தளவாடமும் பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792இல், ஏலத்தில் போய்விட்டது. இன்று நாம் காணும் தளவாடமெல்லாம் பின்னர் தேடி வைத்தவை.

பேருந்தில் என்று சொன்னோம். அதுதான் எங்கள் யோசனைகளில் முதன்மையானது. விளக்கத்தைப் பேருந்தில் முடித்துவிடுங்கள். போகும் வழி இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒலிவாங்கி ஓட்டுநர் பக்கத்தில் இருக்கிறது, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே போனபின் அரண்மனை மண்டபத்தில் நூறு பேரின் காலடிச் சத்தம் கல்சுவரில் மோதி எதிரொலிக்கும்; ஐம்பது பேருக்குக் கேட்கும்படி கத்தினால் மற்றவர்களுக்குத் தொல்லை. தவிர, பிரான்சில் வரலாற்றுச் சின்னங்களுக்குள் தொழில்முறையாகக் குழுவை வழிநடத்தி விளக்க, அதற்கான அரச அட்டை பெற்ற வழிகாட்டிகளுக்கே அனுமதி. உங்கள் ஆளே உள்ளே பேசுவதாயிருந்தால், முன்பதிவு செய்யும்போது கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பேசுவதெல்லாம் பேருந்தில் முடிந்துவிட்டால் உள்ளே பார்ப்பது மட்டும்தான் வேலை.

பேருந்தில் ஆளுக்கொரு சதுரத் தாள் கொடுங்கள். அதை ஒருமுறை பாதியாக மடித்து, மீண்டும் குறுக்கே பாதியாக மடித்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நடுவில் சிலுவைபோல் இரண்டு மடிப்பு விழும். அந்த மடிப்புகள்தான் நான்கு பெரிய நடைக்கூடங்கள். மடிப்புகள் சந்திக்கும் புள்ளியில் ஒரு வட்டம் போட்டால் அது படிக்கட்டு. மிஞ்சிய நான்கு சதுரமும் நான்கு வீடுகள். நான்கு மூலையில் நான்கு வட்டம் போட்டால் கோபுரங்கள். அவற்றுக்குள் இன்னும் நான்கு வீடுகள். ஒரு தளத்துக்கு எட்டு வீடு, எல்லாம் ஒரே அளவில், ஒரே ஒழுங்கில். இப்படி நடுப்புள்ளியிலிருந்து நான்கு திசைக்கும் சமமாக விரியும் அமைப்பை அந்த நாளில் இத்தாலியில் தேவாலயங்களுக்குத்தான் யோசித்தார்கள். அதைக் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கொண்டுவந்ததுதான் ஷம்போரின் புதுமை. தாளை மடித்த பிள்ளை, உள்ளே போய் நடுவில் நிற்கும்போது தானாகவே அதைக் கண்டுகொள்ளும்.

படிக்கட்டுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும். சிவப்பு நாடா, நீல நாடா இரண்டு எடுங்கள். சிவப்பைப் போத்தலின் அடியில் ஒரு பக்கம் ஒட்டுங்கள், நீலத்தை அதற்கு நேரெதிர்ப் பக்கம் ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே திசையில், ஒரே சாய்வில் சுற்றிக்கொண்டு மேலே போங்கள். சிவப்பு வரிகளுக்கு நடுவே நீல வரி ஓடும். எங்கேயும் ஒன்றையொன்று வெட்டாது. அதுதான் ஷம்போரின் இரட்டைச் சுருள் படிக்கட்டு. ஒரு வழியில் ஒருவர் ஏற, மற்ற வழியில் இன்னொருவர் இறங்கலாம். நடுத்தூண் உள்ளீடற்றது, அதில் சன்னல்கள் வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சன்னல் வழியே எதிர்ப்பக்கம் போகிறவரின் முகம் தெரியும், கையை ஆட்டலாம். சந்திக்க மட்டும் முடியாது. நாடா சாய்வு மாறிப்போனால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். பேருந்து ஆட்டத்தில் அதைச் சரிசெய்ய முடியாது, ஆகவே வீட்டிலேயே சுற்றிக் கொண்டுவாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு கதையைத் திருத்தவேண்டும். "லியோனார்டோ டா வின்சி கட்டிய படிக்கட்டு" என்று ஒலிவாங்கியில் உறுதியாகச் சொல்லாதீர்கள். டா வின்சி 1516இல் பிரான்சுவாவின் அழைப்பில் அம்புவாஸுக்கு வந்தது உண்மை. மன்னனுக்காக ரொமொராந்தான் என்ற ஊரில் ஒரு பெரிய அரண்மனைத் திட்டம் வரைந்தது உண்மை, அது கைவிடப்பட்டது. அவர் இறந்தது 1519 மே 2. ஷம்போர் வேலை தொடங்கியது அதே ஆண்டு செப்டெம்பர். அவருடைய குறிப்பேடுகளில் பலவழிப் படிக்கட்டு வரைபடங்கள் இருப்பதால் யோசனை அவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் பெயர் போட்ட ஆவணம் எதுவும் இல்லை. தொமெனிக்கோ தா கொர்த்தோனா என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஷம்போருக்கு மர மாதிரி ஒன்று செய்தார் என்பதும் பதிவில் இருக்கிறது. பிள்ளைகளிடம் இதை அப்படியே, "இவ்வளவு தெரியும், இதற்குமேல் ஊகம்" என்று சொல்லுங்கள். ஆவணம் எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் நல்ல பாடம் அது.

படிக்கட்டின் அழகு இருக்கட்டும், அது தரும் தலைவலியையும் சொல்லவேண்டும். ஷம்போரில் குழுக்கள் சிதறுவது பெரும்பாலும் இங்கேதான். "எல்லாரும் மேலே படிக்கட்டடியில் நில்லுங்கோ" என்று சொல்லி அனுப்புவீர்கள். பாதிப் பேர் ஒரு வழியில் ஏறுவார்கள், பாதிப் பேர் மறு வழியில். இரண்டு வழியும் ஒவ்வொரு தளத்திலும் நேரெதிர்ப் பக்கங்களில் வெளிவருகின்றன. நடுவே தடித்த கல்கூண்டு. இரண்டு கூட்டமும் பத்து மீட்டர் தூரத்தில் ஒன்றையொன்று காணாமல் நின்று காத்திருக்கும். நான்கு நடைக்கூடங்களும் ஒரே மாதிரி இருப்பதால், ஒருமுறை சுற்றினாலே எந்தப் பக்கத்தால் வந்தோம் என்று குழம்பிவிடும். அலைபேசியை நம்பாதீர்கள், கல்சுவர் தடிப்பில் தொடர்பு அறுந்துபோகும். சந்திக்கும் இடத்தை முற்றத்தில் வையுங்கள், நேரத்தையும் சொல்லுங்கள்: "பதினொன்றரைக்கு முற்றத்தில், நுழைவாயிலுக்கு உட்பக்கம்." உள்ளே சந்திக்கவேண்டுமென்றால் "ஆறு தெரியும் சன்னல்", "முற்றம் தெரியும் சன்னல்" என்று வெளியே தெரிவதை வைத்துச் சொல்லுங்கள். இருபத்தைந்து பேருக்கு மேல் ஒரு குழு வேண்டாம். ஒரு பேருந்து என்றால் இரண்டு குழு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தரைத்தளத்தில் நின்று பார்க்கத் தொடங்குவார்கள். நீங்கள் நிற்கவேண்டாம். காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய், நேராக மொட்டைமாடிக்கு ஏறுங்கள். பத்தரைக்குமேல் மற்றப் பேருந்துகள் வந்து சேரும். மேலே கூரைகளுக்கு நடுவே செல்லும் பாதைகள் சில இடங்களில் ஒடுக்கமானவை. வெயிலும் ஏறிவிடும். முதலில் உச்சி, பிறகு தளம் தளமாக இறங்கிவருவது காலுக்கும் நல்லது.

மொட்டைமாடிதான் ஷம்போரின் உயிர். அரசவைப் பெண்களும் விருந்தினரும் வேட்டை திரும்புவதையும் விழாக்களையும் அங்கிருந்துதான் பார்த்தார்கள். புகைபோக்கிகளும் சிறு கோபுரங்களும் கூரைச் சன்னல்களும் நெருக்கியடித்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சிறு நகரம்போல் இருக்கும். நடுவில் படிக்கட்டின் மேலாக விளக்குக் கோபுரம் எழுகிறது. அதன் உச்சியில் பிரெஞ்சு அரசர்களின் அல்லிச் சின்னம், தரையிலிருந்து 56 மீட்டர் உயரத்தில். ஒரு புகைபோக்கிக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். வெண்கல்லில் கரும்பலகைக் கல் துண்டுகளை வட்டமாக, சதுரமாக, சாய்சதுரமாக வெட்டிப் பதித்திருப்பார்கள். இத்தாலியில் இந்த அலங்காரத்தைக் கரும்பளிங்கில் செய்வார்கள். இங்கே பளிங்கு கிடைக்கவில்லை, கூரை வேயும் கரும்பலகைக் கல் கிடைத்தது; அதையே வெட்டிப் பதித்தார்கள். மறுமலர்ச்சி இத்தாலியிலிருந்து பிரான்சுக்கு எப்படி வந்தது என்பதற்கு அந்தக் கறுப்புத் துண்டைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இத்தாலியின் கணக்கு, லுவாரின் கல், உள்ளூர்க் கொத்தனின் கை. மழை பெய்திருந்தால் கல்தளம் வழுக்கும். கைப்பிடிச் சுவரில் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்கவேண்டாம்.

அடுத்து இரண்டாம் தளம். அங்கே நிற்கிறவர்கள் குறைவு, ஆனால் கூடுதல் நேரம் கொடுக்கவேண்டியது அதற்குத்தான். நடைக்கூடங்களின் வளைந்த கல்கூரை முழுதும் கட்டம் கட்டமாகப் பிரித்துச் செதுக்கியிருக்கிறது. ஒரு கட்டத்தில் முடிசூடிய எஃப் எழுத்து, அது மன்னனின் முதலெழுத்து. அடுத்த கட்டத்தில் சலமாந்தர்: பல்லிபோன்ற உடல், நெருப்பின் நடுவே. நெருப்பில் வாழும், நெருப்பை அணைக்கும் என்று அக்காலத்தார் நம்பிய உயிரினம். நல்ல நெருப்பை வளர்ப்பேன், தீய நெருப்பை அணைப்பேன் என்பது மன்னன் எடுத்துக்கொண்ட வாசகத்தின் கருத்து. எட்டுப்போல் முடிச்சிட்ட கயிறும் தென்படும். அது தாய்வழியான சவோய் குடும்பத்தின் அடையாளம். சில எஃப் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும்; மேலிருந்து கடவுள் படிப்பதற்காக என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. பிள்ளைகளைத் தரையில் மல்லாந்து படுக்கவிடுங்கள், கூட்டமில்லாத நேரத்தில். பத்து சலமாந்தரைக் கண்டுபிடித்து, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று சொல்லச் சொல்லுங்கள். வாலின் வளைவு, தீநாக்குகள், தலை திரும்பிய பக்கம் என்று வேறுபடும். அரைமணி நேரம் போவது தெரியாது.

முதல் தளத்தில் பதினான்காம் லூயி காலத்து அறைகளும் தளவாடத்தோடு இருக்கின்றன. அந்த மன்னன் இங்கே பலமுறை வந்து தங்கினான். பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் தன் குழுவோடு வந்து இங்கே நாடகம் நடத்தினார். தேவாலயத்தையும் அவன் காலத்தில்தான் முடித்தார்கள். இன்னொரு செய்தி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் தறுவாயில், 1939 ஆகஸ்டில், லூவ்ர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைப் பெட்டிகளில் அடைத்து இங்கே கொண்டுவந்து ஒளித்துவைத்தார்கள். மோனா லிசாவும் அதில் ஒன்று. தரைத்தளத்தில் ஒருமுறையும் ஓடாத குதிரை வண்டிகள் நிற்கின்றன; அரசனாகப் போகிறேன் என்று காத்திருந்து ஆகாமலே போன ஷம்போர் கோமகனுக்காக 1871இல் செய்தவை.

நுழைவுச் சீட்டு விடயம். 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. 18 முதல் 25 வரை, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் இங்கே முறைப்படி வசிப்போருக்கும் இலவசம். அடையாள அட்டையோ வதிவிட அட்டையோ கையில் இருக்கவேண்டும், அலைபேசிப் படம் செல்லும் என்று நம்பிப் போகக்கூடாது. 2026 தொடக்கம் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விடுமுறைக்கு வந்திருக்கும் அம்மா, அப்பா, மாமிமாரை நீங்கள் கூட்டிப்போவீர்கள். அவர்களை முன்கூட்டியே தனியாக எண்ணி, அந்தத் தொகையைச் சுற்றுலாக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். வாசலில் வைத்து மேலதிகக் காசு கேட்பது பெரியவர்களைச் சங்கடப்படுத்தும். குழுக் கட்டணத்துக்கு முன்பதிவு வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கும் கட்டணம் உண்டு. உள்ளே வாடகைக்குக் கிடைக்கும் கைக்கணினியைத் தூக்கிப் பிடித்தால், வெறும் அறை பிரான்சுவா காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும். தமிழ் அதில் இல்லை, ஆனாலும் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு நாலு பேருக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள்.

முழங்கால் வலியுள்ளவர்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள். மேல் தளங்களுக்கு மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலியில் தரைத்தளம் மட்டும். படிகள் அகலமானவை, ஏற்றம் மெதுவானது. ஆனாலும் மூன்று தளம் ஏறவேண்டும். ஒரு தளத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஏறுபவர்களுக்கு ஒரு துணையை ஒதுக்குங்கள். ஏறாதவர்களுக்குத் தரைத்தளத்துக் குறும்படமும் தோட்டமும் இருக்கின்றன. குழந்தைத் தள்ளுவண்டி சுருள்படியில் உதவாது. தோளில் கட்டும் பை கொண்டுவரச் சொல்லுங்கள். கோடையிலும் உள்ளே குளிர்ந்த காற்று அடிக்கும், பெரியவர்களுக்கு ஒரு மெல்லிய சால்வை நல்லது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல், ஏனென்றால் நாள் கெடுவது பல நேரம் அங்கேதான். அதிகாலை நாலு மணிக்கு வடித்த சோற்றைச் சூட்டோடு மூடிக் கட்டி, பேருந்தின் அடிப்பெட்டியில் எட்டு மணி நேரம் வைத்தால் மதியம் மணம் மாறிவிடும். வெயிலில் நிற்கும் பேருந்தின் அடிப்பகுதி அடுப்புப்போல. ஆறவிட்டுக் கட்டுங்கள், குளிர்ப்பெட்டியில் வையுங்கள். தேங்காய்ச் சம்பலும் சட்னியும் வேண்டாம். புளிச்சாதம், கட்லட், ரொட்டி தாங்கும். அங்கே போய்ச் சூடாக்கலாம் என்று எரிவாயு அடுப்பு ஏற்றவே கூடாது. ஷம்போர் 5,440 எக்டர் காட்டுக்கு நடுவே இருக்கிறது. பாரிஸ் மாநகரின் பரப்பில் பாதிக்கும் சற்று மேல், சுற்றி 32 கிலோமீட்டர் மதில். கோடையில் காய்ந்த காட்டில் ஒரு பொறி போதும். காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டுவது சட்டப்படி தடை. உட்கார்ந்து சாப்பிட எங்கே அனுமதி என்று முன்பதிவின்போதே கேளுங்கள், குப்பைப் பை ஒரு கட்டு எடுத்துவாருங்கள்.

இனி, மன்றாடிக் கேட்பது ஒன்று. ஷம்போரின் வெண்கல்லைத் துஃபோ என்பார்கள். லுவார்ப் பக்கத்துச் சுண்ணக்கல். ஈரத்தை உறிஞ்சும், மெதுமையானது, அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்தது. அதே காரணத்தால் ஒரு சாவி நுனி பட்டாலும் கீறல் விழும். சுவர்களில் நூற்றாண்டுகளாக ஆட்கள் கீறிய பெயர்களும் ஆண்டுகளும் நிறைய இருக்கின்றன. பழையதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் தங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்க ஆசைப்படுவார்கள். கீறிய கல்லில் நீர் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், தோல் உரிவதுபோல் மேல்பரப்பு கழன்றுவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் உச்ச தண்டனை 7 ஆண்டு சிறையும் 1 லட்சம் யூரோவும். தண்டனைக்குப் பயந்து மட்டும் வேண்டாம்; அந்தக் கல் எவ்வளவு மெதுமையானது என்பதைப் பேருந்தில் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கையில் கொடுத்து விளக்குங்கள், போதும்.

கட்டடம் சதுப்பு நிலத்தில் நிற்கிறது. பக்கத்தில் ஓடும் கொசோன் ஆறு 2016 ஜூனில் பெருக்கெடுத்து அரண்மனையைத் தண்ணீர் சூழ்ந்தது. வறண்ட கோடைகளில் அடிநிலக் களிமண் சுருங்குகிறது, மழையில் ஊதுகிறது. அந்த அசைவில் பிரான்சுவா மன்னனின் சொந்த இருப்பிடம் இருந்த சிறகு பழுதாகி, பார்வையாளருக்கு மூடப்பட்டது. அதைச் சரிசெய்ய 2025இல் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கினார்கள். போகும் வாரத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்து, பயணிகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சங்கத்தின் பெயரால் அந்த நிதிக்கு ஒரு சிறு தொகை போனால் இன்னும் நல்லது. நம் பிள்ளைகள் பிறந்த நாட்டின் சொத்து அது.

குழுப்படத்தை வந்து இறங்கியவுடன் எடுக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த நீண்ட முகப்பு, 156 மீட்டர் அகலம், வடமேற்கைப் பார்த்திருக்கிறது. காலையில் அது நிழலில் கிடக்கும்; படத்தில் கட்டடம் கருத்து, வானம் வெளுத்துப்போகும். மாலை நாலு மணிக்குப் பிறகுதான் கோடை வெயில் அதன்மேல் சாய்வாக விழும். அப்போது துஃபோ பழுப்புத் தேன் நிறத்துக்கு மாறும், நீரில் நிழல் தெளிவாக விழும். ஆற்றின் மறுகரையில், தண்ணீரும் முழு முகப்பும் படத்துக்குள் அடங்கும் இடத்தில் நில்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் அந்த நேரத்துக்கும் இடையில் தோட்டம் இருக்கிறது. பழைய வரைபடங்களைப் பார்த்து 2017இல் மீண்டும் நட்ட ஆறரை எக்டர்த் தோட்டம் அது. வாடகைச் சைக்கிளில் காட்டுப் பாதையும் போகலாம். காட்டின் ஒரு பகுதி மட்டும்தான் மக்களுக்குத் திறந்திருக்கிறது. மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் மீதி. பலகை போட்ட இடத்தைத் தாண்டவேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டு தவிர வேறு நாளில் போக முடியுமென்றால், செப்டெம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள். கூட்டம் குறைவு. செம்மான் இணைசேரும் காலம் அது. இருட்டத் தொடங்கும்போது ஆண்மான்கள் காட்டுக்குள்ளிருந்து அடித்தொண்டையில் முழங்குவதைப் பார்வை மேடைகளிலிருந்து கேட்கலாம். அதற்குப் பேருந்து ஒன்றரை மணி நேரம் பிந்திப் புறப்படவேண்டும், முழுக்குழுவும் வாய்மூடி இருக்கவேண்டும். சின்னப் பிள்ளைகள் நிறைந்த குழுவுக்கு அது சரிவராது. இளையோர் குழுவென்றால் செய்து பாருங்கள்.

சாதாரண நாளுக்கு நேரம் இப்படி: லாச்சப்பலில் காலை 6.30. ஏ10 நெடுஞ்சாலையில் ஒரு நிறுத்தம், கழிவறை அங்கேயே முடியட்டும். மேர் என்ற வெளியேற்றத்தில் இறங்கி, 9 மணிக்கு வாசல். 12.15 வரை உள்ளே. 12.30 சாப்பாடு. 2 முதல் 4 வரை தோட்டமும் காடும். 4.15க்கு ஆற்றின் மறுகரையில் படம். 5க்குத் தலையெண்ணிப் புறப்பாடு. தலையெண்ணும்போது பேருந்துக்குள் இருக்கை இருக்கையாக எண்ணுங்கள், வாசலில் ஏறும்போது எண்ணாதீர்கள். ஏறியவர் தண்ணீர் வாங்க மறுபடி இறங்கியிருப்பார்.

இப்படிக்கு,
லுவார் அரண்மனைகளைத் தமிழில் விளக்குவதில் ஈடுபட்டிருக்கும் சிலர்